‘பி’ பிரிவு என்று நான் சொன்ன ரத்தம்

கரிவலம்வந்தநல்லூருக்குப் போக வேண்டிய நான் இளையரசனேந்தலில் இறங்கி நின்றேன். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் இரண்டு பேருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தன. நான் தவறானதில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டேன். நடத்துநர் தோளைத் தட்டி எழுப்பியபோது பாதி வழி வந்தாகிவிட்டது.

“கரிவலமா? அது வடக்க. இது கெழக்க போகுது. போர்டப் பாக்காம ஏறிட்டியளே, பெரியவரே.”

பின்னாலிருந்து ஒரு குரல், “கோவில்பட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போயி ஒரு கடலமிட்டாய் பாக்கெட்டு வாங்கிக் குடுத்து அனுப்பும் வே” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தப் பயணத்தில் நான் சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

இளையரசனேந்தலில் திரும்பும் பேருந்துக்காகத் தேநீர்க் கடையில் காத்திருந்தேன். மானாவாரி நிலத்தில் உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். எங்கிருந்து வருகிறேன் என்று ஒருவர் கேட்டார். கோலாலம்பூர் என்றேன்.

“மலேசியாவா? அங்கன மழை எப்படி?”

“தினமும் சாயங்காலம் பெய்யும்.”

“தினமுமா!” அவர் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டினார். “கேட்டியாலே, தினமும் பெய்யுதாம். ஒரு வாரத்துக்கு இங்கன திருப்பிவிடச் சொல்லு.”

கோலாலம்பூரில் நான் மழையைத் திட்டாத நாள் கிடையாது. அந்த ஊரில் ரயில் சொன்ன நொடிக்கு வரும். மின்தூக்கியில் யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். இங்கே கால் மணி நேரத்தில் என் வயது, சர்க்கரை அளவு, மகளின் வேலை எல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. வந்த காரியத்தை மட்டும் நான் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெறும்வரை மெட்ராஸில் தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில் ரத்தக் கறைகளைச் சோதித்துப் பிரிவு சொல்வது என் வேலை. மனைவி போனபின் மகள் சுபாவோடு கோலாலம்பூரில் இருக்கிறேன். சுபாவும் என் துறைதான். ஆனால் அவள் பார்க்கும் வேலை நான் பார்த்த வேலை அல்ல. நாங்கள் ரத்தப் பிரிவைக் கண்டுபிடித்தது, ரத்த அணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் ஒருவகைச் சர்க்கரைப் பொருளை வைத்து. கறை பட்ட நூலைப் பிரிவு காட்டும் சீரத்தில் ஊறவைப்போம், கழுவுவோம், சூடாக்குவோம், எது ஒட்டியிருந்து பிரிந்து வருகிறது என்று பார்ப்போம். சுபா பார்ப்பது மரபணுவை. ஏ, பி, ஓ என்று பிரிவுகளை உண்டாக்கும் மரபணுவில் சில எழுத்துகள்தாம் வித்தியாசம். ஓ பிரிவுக்காரர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். காய்ந்து பல வருடமான கறையிலும் அந்த எழுத்தைத் தேடிப் பார்க்கலாம்.

அவளுடைய ஆய்வுக்கு, பிரிவு முன்பே தெரிந்த பழைய கறைகள் வேண்டியிருந்தன. என்னிடம் ஓர் அட்டை இருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டுவதற்காக, சோதனை முடிந்து மிஞ்சிய நூல்களை அதில் ஒட்டி வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். எடுத்து வந்திருக்கக் கூடாது. அது தவறு என்று தெரிந்தும், என் வாழ்நாள் வேலை அந்த அட்டையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எடுத்து வந்தேன். அதைப் பெருமையோடுதான் மகளிடம் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், வாங்கி வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி அவள் சொன்னாள்: “அப்பா, எல்லாம் ஒத்து வருது. ஒண்ணு மட்டும் வரலை. பச்சைக்கரைத் துண்டு. நீங்க பி-ன்னு சொல்லியிருக்கீங்க. ரத்தம் ஓ.”

திரும்பச் செய்து பார்த்தாயா என்று கேட்டேன். செய்திருந்தாள். “அதுல இன்னொருத்தரோட டி.என்.ஏ.வும் துளி இருக்குப்பா. ஒரு பெண். பி அவங்ககிட்ட இருக்கு. ஆனா அது ரத்தம் மாதிரி இல்லை. வியர்வையா, எச்சிலா இருக்கணும்.” பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: “கறை படாத இடத்தையும் சோதிச்சீங்கதானே?”

இந்தத் தொழிலில் முதல் பாடம் அது. வியர்வையிலும் எச்சிலிலும் கூடப் பலருக்கு அதே பிரிவுப் பொருள் இருக்கும். அதனால் கறையை மட்டும் சோதித்தால் போதாது. அதே துணியில் கறை இல்லாத ஒரு மூலையையும் சோதிக்க வேண்டும். அங்கேயும் அதே பிரிவு வந்தால், கறையைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது. முடிவு கூற இயலவில்லை என்று எழுதிவிட வேண்டும்.

நான் சோதித்தேன். அந்த மூலையிலும் பி வந்தது. கறையில் வந்ததைவிட மங்கலாக வந்தது. மங்கல்தானே என்று விட்டுவிட்டேன். யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை, யாரும் நெருக்கவில்லை. முடிவு கூற இயலவில்லை என்று எழுதும் சக ஊழியர்களைக் கேலி செய்கிறவன் நான். என்னால் முடியாத கறை கிடையாது என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயருக்காகவே பி என்று எழுதினேன். அதைக் கடினமான கறைக்கு நல்ல உதாரணம் என்று அட்டையிலும் ஒட்டிக்கொண்டேன். எந்த வழக்கு என்று சுபா கேட்டாள். மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கரிவலம்வந்தநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், கிணற்றுத் தண்ணீர்த் தகராறு ஒன்றில் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்தார். பக்கத்து நிலத்துக்காரர் பேச்சிமுத்துவைப் பிடித்தார்கள். அவருடைய பச்சைக்கரைத் தோள்துண்டில் ரத்தம். வெயிலில் மூக்கு உடைந்து வந்த ரத்தம், துடைத்துக்கொண்டேன் என்றார் அவர். அவருக்கு ஓ பிரிவு. செத்தவருக்கு பி. திருநெல்வேலியில் கூண்டேறி, “இது பேச்சிமுத்துவின் ரத்தமாக இருக்க முடியாது” என்று நான் சொன்னேன். கறை இல்லாத மூலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அவரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் கிளம்பினேன். கோர்ட்டில் செய்ய வேண்டியதையும் செய்யத்தான் வேண்டும் என்றாள் சுபா. அதற்கும் ஒரு வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறேன். ஆனால் முதலில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்து, இனிப் பேருந்தை நம்ப வேண்டாம் என்று ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் காதர், கடையநல்லூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஷார்ஜாவில் பல வருடம் வேன் ஓட்டிவிட்டு வந்து, இங்கே மாமனார் வீட்டுப் பக்கமே தங்கிவிட்டவர். “அங்கன நூத்தி இருவதுல போனவன் அண்ணாச்சி. இங்கன ஆட்டுக்குப் பின்னாடி போறேன்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கரிவலம் தாண்டி ஒரு செம்மறிக் கூட்டம் சாலையை அடைத்தது. காதரை முன்பே அறிந்த ஆட்டுக்காரர் அவசரப்படவில்லை. காதர் ஒலிப்பானை அழுத்தினார். “ஆட்டுக்கு அரபி தெரியாதுல்லா, எறங்கி வந்து சொல்லு” என்றார் ஆட்டுக்காரர். கோலாலம்பூரிலும் நெரிசலில் மாட்டியிருக்கிறேன். அங்கே என் மடியில் இவ்வளவு புழுதி விழுந்ததில்லை.

கிராமத்துக் கடையில் பேச்சிமுத்துவின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் கண்ணாடி டம்ளரை இரண்டு தடவை கழுவினார்.

“அவரு இங்கன இல்ல. தண்டன முடிஞ்சு வந்தாரு, ஒரு நாள். வாசல்லயே நின்னாரு. கோமதி கதவத் தெறக்கல. பொழுது அடையுற மட்டும் நின்னுட்டு டவுனுக்குப் போயிட்டாரு.”

“கோமதி?”

“அவரு பொஞ்சாதி. அந்தா, வேப்பமரத்துக்குக் கீழ இருக்குல்லா, அந்த வீடுதான். ஆனா அங்க போயி அவரு பேரை எடுக்காதிய. கேஸு நடக்கையில முழுசும் அவருக்காவத்தான் அலைஞ்சா. நகையெல்லாம் வித்தா. கடைசியில மெட்ராஸ்லேருந்து ஒரு ஆபீசர் வந்து அந்த ரத்தம் இவருது இல்லன்னு சொன்னாராம். அன்னைக்கு வந்து படுத்தவதான். அதுக்கப்புறம் ஜெயிலுப் பக்கமே போகல.”

அந்த ஆபீசர் அவர் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். டவுனில் எங்கே என்று கேட்டேன். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், மிச்சத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று தங்கிய விடுதியில், அடுத்த அறையில் தறிக்கு வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள். ஒருவன் கைபேசியில் அம்மாவிடம் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான்: “சாப்பிட்டேன் அம்மா, சாப்பிட்டேன். நீ நம்பமாட்டாயா? படம் எடுத்து அனுப்பவா?” நான் இட்லிப் பொட்டலத்தை மடித்து வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மல்லியும் பிச்சியும் கேந்தியும் சாக்கு சாக்காகக் கொட்டிக் கிடந்தன. ஏலக் குரல் கூரையில் மோதித் திரும்பியது. ஓரமாக ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். அவர் பூ மூட்டையைத் தூக்கிப் பிடித்தார். அவள் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் தோளிலிருந்த துண்டை உருவி, இரண்டு முறுக்கு முறுக்கிச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டாள். மூட்டை ஏறியது. அவள் நடந்துபோனாள். அவர் வெறுந்தோளோடு அடுத்த மூட்டைக்குத் திரும்பினார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். சும்மாடு நான் காணாததல்ல. எங்கள் பக்கத்தில் கிழிந்த சேலைத் துணியில் வைப்பார்கள். தோள்துண்டு என்று ஆய்வகத்துக்கு வந்தால், அது ஓர் ஆணுடைய துணி, அவன் ஒருவனுடைய துணி என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். புருஷன் துண்டு பெண்டாட்டி தலைக்குப் போய், அவள் வியர்வையில் நாள் முழுக்க நனைந்து, சாயங்காலம் திரும்ப அவன் தோளுக்கு வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பி எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு அங்கே தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

கமிஷன் கடை முதலாளி பருத்த மனிதர். பேச்சிமுத்து என்றதும் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

“பேச்சிமுத்து அண்ணாச்சியா? அவரு போயிட்டாரே. கோடையில. இந்தா, இந்தக் கடையிலதான் படுப்பாரு. காலையில எழுப்பினா எந்திரிக்கல.”

நான் பக்கத்திலிருந்த சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அது பூச்சாக்கு என்பதைக் கவனிக்கவில்லை.

“ஊருக்கு ஆள் அனுப்பினோம். எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்லன்னு அந்தப் பொம்பள சொல்லி அனுப்பிட்டா. பெறவு மார்க்கெட்டுக்காரங்க நாங்களே எடுத்துப் போட்டோம். நல்ல மனுசன். ஒரு வார்த்த கூடுதலாப் பேச மாட்டாரு. வெள்ளிக்கெழம ஆனா, கூலியில ஒரு பந்து மல்லி வாங்கி, கரிவலம் பஸ்ஸுல குடுத்து விடுவாரு. யாருக்கு வே-ன்னு கேட்டா சிரிப்பாரு.”

பேச்சிமுத்து தன் வழக்கைப் பற்றி எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன்.

“ஒரு தடவ. நான்தான் வாயக் கிண்டினேன். ‘என் ரத்தம் என் ரத்தமில்லன்னு சொல்லிட்டாங்க மொதலாளி, அதுக்கு மேல நான் என்ன சொல்ல’ன்னாரு. அவ்வளவுதான்.”

மாலையில் காதர் என்னைக் கட்டாயப்படுத்தி பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனார். சங்கரன்கோவிலுக்கு வந்து பிரியாணி சாப்பிடாமல் போனால் சுற்றுவட்டாரத்தில் எவரும் மன்னிக்க மாட்டார்கள் என்றார். சீரகச் சம்பா அரிசி, வாழையிலையில் ஆவி பறக்க வந்தது. நான் இலையின் ஓரத்தையே தொட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் சாப்பிடுவதை நிறுத்தியவர் நான் முடிக்கும்வரை கையைக் கழுவவில்லை.

“மவுத்தாப் போனவருக்கு இனி நீங்க கொண்டு வந்த சேதி எதுக்கு அண்ணாச்சி? அந்தம்மா பாட்டுக்கு ஒரு நெனப்புல இருக்கு. புருசன் கொலகாரன், கதவ அடச்சது சரின்னு இருக்கு. நீங்க போயி, அவரு பொய் சொல்லலம்மா, சிக்கவச்சது உன் வேர்வன்னு சொல்லப் போறிய. சொல்லிட்டு நீங்க ஏரோப்ளேன் ஏறிருவிய. அந்தம்மா எங்க போவும்?”

என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைக்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருக்கிறேனோ என்று அப்போதுதான் தோன்றியது. காலையில் கோலாலம்பூருக்குக் கிளம்பிவிடலாம் என்று மனம் நொடியில் கணக்குப் போட்டது. அந்தக் கணக்குப் போடும் மனம்தான் அன்றைக்கும் மங்கல்தானே என்றது.

“உங்களுக்கா இருந்தா? தெரியாமலே இருக்கட்டும்னு நினைப்பீங்களா?” என்று கேட்டேன்.

காதர் இலையை மடித்தார். “எங்க வாப்பா மவுத்தானப்ப நான் ஷார்ஜாவுல. வேலைய விட்டுட்டு வந்துருவான்னு, அடக்கம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் சொன்னாக. அந்த ஒரு மாசமும் நான் சிரிச்சுப் பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன், அண்ணாச்சி. அத நெனச்சா இன்னைக்கும் சோறு எறங்காது.” எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். “காலையில வாரேன். ஆட்டோக்கு ஒண்ணும் தர வேண்டாம்.”

மூன்றாம் நாள் சாலையில் ஆடுகள் இல்லை. சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

கோமதியம்மாள் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தார். காதர் ஆட்டோவிலேயே இருந்துகொண்டார். நான் யார் என்பதை முதலிலேயே சொன்னேன்.

“கோர்ட்டுல ரத்தத்தைப் பத்திச் சாட்சி சொன்னவன்மா நான்.”

கிள்ளுவது நிற்கவில்லை. “அது அவரு ரத்தமா இருக்க முடியாதுன்னு சொன்னிய.”

“ஆமா.”

“நம்ம வக்கீலு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. திருப்பித் திருப்பி அதயேதான் சொன்னிய. நான் பின்னாடி நின்னுட்டிருந்தேன். படிச்சவரு, நம்ம ஆளையும் தெரியாது அவுக ஆளையும் தெரியாது, இவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு நெனச்சேன்.”

“நான் சொன்னது தப்பும்மா.”

அப்போதுதான் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது புதுச் சோதனை வந்திருப்பதை, என் மகள் அந்த நூலைப் பார்த்ததை, அந்த ரத்தம் ஓ என்பதை.

“அப்பம் மூக்குல வந்த ரத்தமா?”

“அப்படித்தான் இருக்கணும். அவருடைய பிரிவுதான். ஆனா அவருடையதேன்னு சொல்ல, ஒத்துப் பார்க்க அவர் ரத்தம் என்கிட்ட இல்லை. அன்னைக்கு வெட்டுப்பட்டவருடையது இல்லை. அதை மட்டும் சத்தியமாச் சொல்லுவேன்.”

“அன்னைக்கும் சத்தியம் பண்ணித்தான் சொன்னிய.”

“அன்னைக்குச் சோதனையில ஒரு தடங்கல் தெரிஞ்சது. அதை மறைச்சுட்டேன்மா. எனக்குப் பேர் கெட்டுரக் கூடாதுன்னு மறைச்சேன்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு மிளகாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“பி குரூப்புன்னு ஒண்ணு சொன்னியளே. ரத்தம் அவருதுன்னா, அது எங்கேருந்து வந்துச்சு?”

இந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்தேன். “துணியில வேற ஒண்ணு ஒட்டியிருந்ததும்மா.”

“என்னது?”

“வேர்வை.”

“யாரு வேர்வ?”

வேம்பிலிருந்து ஒரு பழுத்த இலை மிளகாய்மேல் விழுந்தது. அவர் அதை எடுத்து அப்புறம் போட்டார்.

“அவரு துண்ட எடுத்துத் தலையில வைக்க என்ன விட்டா வேற யாரு இருந்தா?” என்றார். என்னைக் கேட்டது மாதிரி இல்லை. “புல்லுக்கட்டு, வெறகு, உரம், எல்லாம் அதுலதான். பிள்ளப்பேறுக்குப் போனப்ப ஆஸ்பத்திரியில சொன்னாக, எனக்கு பி-ன்னு. கோர்ட்டுல கேட்டப்ப அது நெனப்பு வந்துச்சு. நம்ம குரூப்புமாச்சேன்னு. வாயத் தெறக்கணும்னு தோணல.”

“உங்க தப்பு ஒண்ணும் இல்லைம்மா. நான்தான்...”

“நான் தப்புன்னு சொன்னேனா?” குரல் உயரவில்லை. “வெள்ளிக்கெழம பூ வரும். கண்டக்டர் தம்பி வாசல்ல வச்சுட்டுப் போவான். யாரு அனுப்புதான்னு தெரியும். எடுத்து ஆட்டுக்குப் போட்டுருவேன். ஒரு வெள்ளியும் தப்பல.”

அவர் எழுந்தார். மடியிலிருந்த காம்புகளைத் தட்டினார். வீட்டுக்குப் பின்னால் போனார். தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. உடுத்திய சேலையோடு தலையில் ஊற்றிக்கொள்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. முன்வாசலுக்கு வந்தபோது முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல் வாய் மட்டும் திறந்தது. பிறகு சத்தம் வந்தது.

அந்த மாதிரிச் சத்தத்துக்குக் கிராமத்தில் யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, ஓடி வருவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி மாவுக் கையோடு வந்தார்.

“ஏட்டி கோமதி, யாரு? யாருக்கு என்ன?”

“எங்க வீட்டுக்காரரு செத்துப் போனாரு, அக்கா.”

“அவரு போயி எத்தன மாசமாச்சு...”

“இல்லக்கா. இன்னைக்குத்தான்.”

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார், கோமதியம்மாளைப் பார்த்தார். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நாலைந்து தலைகள் ஒன்றாகச் சேர்ந்தன. அவர்கள் பாடி அழுதபோதுதான் பேச்சிமுத்து எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது: நெட்டையான ஆள், மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கும்போது பாட்டுப் போடுகிறவர், இரவு வெளியே படுத்தால் குறட்டையில் தெருநாய் எழுந்து போய்விடும். கூண்டில் நின்றபோது நான் அவர் முகத்தைப் பார்த்ததாக நினைவே இல்லை.

ஆண்கள் ஒவ்வொருவராக வந்து வேலியோரம் நின்றார்கள். கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்தார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். எடுக்க உடல் இல்லை, ஊதச் சங்கு இல்லை. ஆனாலும் எல்லோரும் இருந்தார்கள். காதர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து, குல்லாயைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றார்.

என் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்: “அண்ணாச்சி, நீங்க எறந்தவருக்கு என்ன வேணும்?”

“அவருக்கு எதிராச் சாட்சி சொன்னவன்” என்றேன்.

கையை ஓங்குவாரோ என்றுகூட நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார்.

“இங்கன இருங்க. வெயிலு.”

உட்கார்ந்தேன். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லை. பொழுது சாய்ந்ததும் மற்ற ஆண்களைப் போலவே நானும் எழுந்து, ஒருவரிடமும் சொல்லாமல் நடந்தேன்.